ஞாயிற்றுக்கிழமைப் பசி

பொன்மலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பங்கில் நான் உபதேசியாராக இருந்த காலத்தில், ஊரில் பாதிப் பேருடைய நாக்கு எனக்கு அத்துப்படி. கேட்க அசிங்கமாக இருக்கலாம், வேலை அப்படி. பூசையில் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்குகிறவர்கள் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியை ஒட்டி வரிசையாக முழந்தாளிட்டு நாக்கை நீட்டுவார்கள். சாமியார் லத்தீனில் முணுமுணுத்தபடி ஒவ்வொரு நாக்கிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே நகர்வார். அதில் ஒரு துணுக்குகூடத் தரையில் விழக்கூடாது என்று நான் ஒரு தட்டை ஒவ்வொரு மோவாய்க்கும் கீழே பிடித்துக்கொண்டு கூடவே நகர்வேன். வெற்றிலை நாக்கு, பீடி நாக்கு, காய்ச்சல் நாக்கு, பயந்துபோய்ப் பாதியில் உள்ளே இழுத்துக்கொள்ளும் நாக்கு எல்லாம் தெரியும். வாரம் தவறாமல் கோயிலுக்கு வந்த ஒரே ஒருவருடைய நாக்கை மட்டும் நான் பார்த்ததேயில்லை.

அவர் கோயிலுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, அவருக்கு நாற்பது இருக்கும். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார். ஆனாலும் வாங்க போங்கதான். உபதேசியார் என்ற மரியாதை.

அந்த நாளில் நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஆண்டவரின் சரீரம் உள்ளே போகிற வயிற்றில் அதற்கு முன்னால் வேறெதுவும் போயிருக்கக் கூடாது என்று சட்டம். ஆகவே பூசை முடிந்ததும் ஊரே பசியோடு வெளியே வரும். வந்தால் எதிரே அக்கா கடை. அவரும் பூசைக்கு வந்திருப்பார். கடைசி ஆசீர்வாதம் முடிந்த கையோடு முக்காட்டை இறக்கிவிட்டு ஓடிப்போய் இட்லிக் கொப்பரையைத் திறந்துவிடுவார்.

அவருடைய சாம்பாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வார நாட்களில் அதற்காகவே ரயில்வே ஒர்க்ஷாப் ஆட்கள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உப்பு தவறும். ஒரு வாரம் கரிக்கும், ஒரு வாரம் சப்பென்று இருக்கும். பசிவேகத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

“ஞாயித்துக்கிழமைக்குன்னு தனியா சமையக்காரி வச்சிருக்கீங்களாக்கா?”

“ஞாயித்துக்கிழமை நான் உப்புப் பாக்கறதில்ல தம்பி” என்று சிரிப்பார். வேலை மிகுதி போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஏன் நன்மை வாங்குவதில்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். மணப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். முசிறிக்காரர் ஒருவரை, அவர்கள் குலதெய்வக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். முசிறிக்காரர் ஒர்க்ஷாப்பில் வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தார். நெற்றியில் நாமம் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. குழந்தைகள் கிடையாது. திருச்சபையைப் பொறுத்தவரை அவர்களுக்குக் கலியாணமே ஆகவில்லை. கலியாணமாகாமல் ஒரு ஆளோடு குடியிருக்கிறவர் நன்மை வாங்க முடியாது. பூசை பார்க்கலாம், ஜெபமாலை சொல்லலாம், கிராதிக்கு மட்டும் வரக்கூடாது.

அவர் வரவில்லைதான். எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது அவர் ஒருவர் மட்டும் தன் இடத்தில் முழந்தாளிட்டு, கிராதியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வை எனக்கு இடைஞ்சலாக இருந்தது. கன்னியர் மடத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் வேறு வந்து, அந்த அம்மாள் முன் வரிசையில் இருப்பது நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அந்த வயதில் எனக்கு எல்லாச் சட்டமும் சரியாகப் படும். நேரே கடைக்குப் போய், “அக்கா, இனிமே தூணுக்குப் பின்னாடி உக்காந்துக்குங்களேன். நாலு பேர் நாலு விதமா பேசறாங்க” என்றேன்.

“சரி தம்பி” என்றார். அடுத்த ஞாயிறு முதல் தூணுக்குப் பின்னால்தான். அங்கிருந்து பீடம் தெரியாது. மணிச் சத்தத்தை வைத்து எந்த இடம் நடக்கிறது என்று தெரிந்துகொள்வார். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

அந்த வருஷம் பெரிய வியாழன் வாரத்துக்கு முந்தின ஞாயிறு. இரண்டு பூசையும் முடிந்து, கூட்டமெல்லாம் சாப்பிட்டுக் கலைந்து மணி பதினொன்று ஆகிவிட்டது. எனக்குத் தேர்க்கொட்டகையில் வேலை இருந்ததால் தாமதமாகப் போனேன். கடைக்குள்ளே பெஞ்சில் முசிறிக்காரர் உட்கார்ந்திருந்தார். முன்னால் வெறும் இலை. அக்கா இன்னொரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“இன்னுமா சாப்பிடல?” என்றேன்.

“அவ நேத்து ராத்திரியிலேருந்து ஒண்ணும் தொடல” என்றார் முசிறிக்காரர். “வருஷம் பூரா ஞாயித்துக்கிழமைன்னா இப்படித்தான். அவ பட்டினி கெடக்கறப்ப நான் மட்டும் எப்படி முழுங்கறது?”

எனக்குப் புரியவில்லை. நன்மை வாங்காதவருக்கு எதற்கு இந்த உபவாசம்? சாம்பாரில் உப்புப் பார்க்காதது இதனால்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு சொட்டு நாக்கில் படக்கூடாது என்று, கொதிக்கிற சாம்பாரைப் பார்த்தே இறக்கி வைக்கிறார். நான் என் படிப்பைக் காட்டினேன். “உபவாசம் நன்மை வாங்கறவங்களுக்குத்தாங்கா. உங்களுக்கு அந்தக் கடன் இல்லை.”

அவர் இலையைத் துடைத்தபடியே சொன்னார்: “வாங்கறதுக்குத்தான் எனக்கு விதியில்ல. பசிச்சிருக்கறதுக்கு யாருகிட்ட உத்தரவு கேக்கணும்? என்னிக்காவது ஒரு நாள் திடீர்னு கூப்பிட்டாங்கன்னா, அன்னிக்குப் பாத்து ரெண்டு இட்லியத் தின்னுட்டு நிக்கக் கூடாதில்ல?”

அந்த ‘திடீர்னு’ எனக்குள் எங்கோ இடித்தது. ஆனால் நான் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி அங்கே போய் உட்காருவேன். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எனக்கு ஞானோபதேசப் புத்தகத்தில் கிடைக்காத கேள்விகளாகக் கேட்பார். “அப்பம்ங்கறது அந்த ஊர்ல நம்ம சோறு மாதிரிதானே தம்பி?” என்று ஒரு நாள் கேட்டார். ஆமாம் என்றேன். “எத்தனையோ இருக்கறப்ப சாமி ஏன் சோறா வந்தாரு? தங்கமா வந்திருந்தா பூட்டி வப்பாங்க. பூவா வந்திருந்தா மோந்து பாத்துட்டுக் கீழ போடுவாங்க. சோத்தைத் தின்னாத்தான் உண்டு. தின்னுட்டா அப்புறம் பிரிக்க முடியாது, உடம்போட உடம்பாப் போயிடும். அதான் வந்திருக்காரு.” சொல்லிவிட்டு மாவைக் கரைக்கப் போய்விட்டார். நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

முசிறிக்காரர் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போவார். விரதம் முடித்துத் திரும்பும்போது தொன்னையில் புளியோதரை கொண்டுவருவார். அதை அக்கா தொடமாட்டார், வேறு சாமிக்குப் படைத்தது எங்கள் வேதத்தில் கூடாது. அவர் வற்புறுத்தவும் மாட்டார். பெஞ்சு ஓரமாக உட்கார்ந்து தனியே சாப்பிட்டு, தொன்னையைத் தானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார். அக்கா ஒரு தடவை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அவர் சாமி குடுக்கறதை நான் வாங்கறதில்ல. என் சாமி எனக்குக் குடுக்கறதில்ல. நடுவுல எனக்கு இந்த இட்லிதான் தம்பி.” நானும் சிரித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுபோயிற்று.

இதற்கு வழி இல்லாமலில்லை. முசிறிக்காரர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, மேற்றிராணியாரான பிஷப்பிடம் அனுமதி வாங்கி, சாமியார் முன்னால் வந்து சம்மதம் சொன்னால் போதும். மதம் மாறக்கூட வேண்டாம். நான் போய்ப் பேசினேன். அவர் கோபப்படவில்லை.

“ஊர்ப் பெரியவங்க முன்னால கட்டின தாலி உபதேசியாரே. அது கலியாணமில்லேன்னு உங்க சாமி சொல்றாரு. நான் வந்து கையெழுத்துப் போட்டா நானும் ஆமான்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அப்ப இத்தனை வருஷமா இவ எனக்கு யாரு? நீங்களே சொல்லுங்க.”

புத்தகத்தில் இருந்த பதிலைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, “இன்னும் ரெண்டு இட்லி வைக்கச் சொல்லட்டுமா?” என்றார். அக்கா எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. அவர் ஒரு நாளும் கணவரைக் கேட்டதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கேட்டால் தனக்காக மனசில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்ற பயம்தானாம்.

சில வருஷம் கழித்து வார்ப்புப் பட்டறைப் புகை முசிறிக்காரரின் நெஞ்சில் இறங்கிவிட்டது. படுத்த படுக்கையானார். ஒரு நாள் மாலை எனக்கு ஆள் விட்டிருந்தார். போனேன். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

“அந்தக் காகிதத்தைக் கொண்டாங்க. நான் கட்டினது கலியாணம்தான், அதுல மாத்தமில்ல. ஆனா இவளைப் பட்டினியா விட்டுட்டுப் போக மனசு வரல. இவ சாப்பிடட்டும்.”

அடுப்பங்கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் எல்லாவற்றையும் முறைப்படி செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினேன். அக்காவின் ஞானஸ்நான அத்தாட்சி வேண்டும், அவர் பிறந்த பங்கிலிருந்து புதிதாக எழுதி வாங்க வேண்டும். அழகான கையெழுத்தில் கடிதம் எழுதிப் போட்டேன். எங்கள் சாமியாரிடம் சொல்லவில்லை. அரைகுறைத் தாள்களோடு அவர் முன்னால் போய் நிற்பது எனக்குப் பிடிக்காது. எல்லாம் சேர்ந்ததும் ஒரே கட்டாக வைத்து அசத்திவிடலாம் என்றிருந்தேன். அந்தப் பங்குச்சாமியோ கிராமம் கிராமமாகச் சுற்றுகிறவர். கடிதம் அவர் மேசையில் கிடந்தது.

“வந்துச்சா தம்பி?” என்று அக்கா தினமும் கேட்பார். நாளைக்கு வந்துவிடும் என்பேன்.

கடிதம் போட்ட பதினேழாம் நாள் முசிறிக்காரர் இறந்துபோனார். அத்தாட்சி இரண்டு நாள் கழித்து வந்தது.

அதைக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் கொடுத்தேன். விஷயம் கேட்டதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “சாகக் கெடக்கறவனுக்கு எதுக்கய்யா காகிதம்? என்னைக் கூப்பிட்டிருந்தா அந்தக் கட்டில்கிட்டயே அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பேன். மரண ஆபத்துல எனக்கு அந்த அதிகாரம் இருக்குய்யா. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. எத்தனையோ சட்டம் மனப்பாடமாகத் தெரிந்த எனக்கு, இரக்கத்துக்கென்று எழுதி வைத்திருந்த அந்த ஒரு சட்டம் தெரியாது.

கணவர் இறந்ததால் இப்போது அக்காவுக்குத் தடை இல்லை. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நன்மை வாங்கலாம். துக்கம் விசாரிக்க வந்தவர்களே, “இனிமே நீங்க தாராளமா வாங்கலாமே” என்று சொன்னார்களாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். சாமியாரும் என்னை அனுப்பினார். நான் முதலில் அக்காவிடம் என் தப்பைச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். “நீங்க வேணும்னு செய்யலையே” என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்துபோய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். அந்தக் காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

பிறகு கேட்டார். “பாவசங்கீர்த்தனத்துல நான் என்னன்னு சொல்லணும்?”

“இத்தனை வருஷம்... அவரோட இருந்தது தப்புன்னு மனஸ்தாபப்படறேன்னு.”

“மனஸ்தாபம் இல்லியே தம்பி.”

ஆறிப்போன காப்பியைக் கீழே வைத்தேன்.

“பொய் சொல்லிட்டு அதை வாங்கச் சொல்றீங்களா? அவர் செத்தாத்தான் எனக்கு இலை போடுவாங்கன்னா, அந்தப் பந்தியில நான் எப்படிப் போய் உக்காருவேன்? வேணாம் தம்பி. பசி எனக்குப் பழகினதுதான்.”

அவர் நன்மை வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டினியையும் விடவில்லை. அதற்குள் சபையில் எல்லாம் மாறிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் சாப்பிடாமலிருந்தால் போதும் என்று உத்தரவு வந்தது, பிறகு ஒரு மணி நேரம் என்றார்கள். பீடத்தைத் திருப்பிப் போட்டார்கள். பூசை தமிழில் வந்தது. ஜனங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வரத் தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமைக் கடைக்கூட்டம் குறைந்தது. அக்கா மட்டும் முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக் கணக்கிலேயே நின்றார். பதினொரு மணிக்கு இலை போட்டுத் தனியாகச் சாப்பிட்டார். நான் சில வாரம் கூட உட்காருவேன். எதிர் பெஞ்சில் ஆள் இல்லாமல் அவர் சாப்பிடுவதைப் பார்க்க முடியவில்லை. தூணுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து உட்காரச் சொன்னேன். இந்த இடமே பழகிவிட்டது என்றார்.

பிறகு அவரும் படுத்தார். வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கடைக்குப் பின்னால் ஒரே அறை. என் மனைவிதான் போய்க் கூட இருந்தாள்.

நான் சாமியாரிடம் போய் உட்கார்ந்தேன். எதற்கும் தர்க்கம் பேசுகிறவன் அன்று அழுதுவிட்டேன். அவருக்கும் வயதாகியிருந்தது. “அந்த அம்மா என்ன சொல்லணும்னு தோணுதோ அதைச் சொல்லட்டும். நான் ஒரு கேள்வியும் கேக்கப் போறதில்ல. நாளைக்குச் சாயந்திரம் வரேன்” என்றார். அக்காவிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று விடுவாரோ என்ற பயம். நோயாளிகளுக்கு உபவாசம் கட்டாயமில்லை என்பதுதான் எனக்குத் தெரியுமே.

அன்று மத்தியானம் நானே நொய்க்கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். நாலு நாளாக ஒன்றும் இறங்காமலிருந்தவர். நான் கெஞ்சிக் கெஞ்சி ஸ்பூனில் ஊட்டினேன். எனக்காக அரை டம்ளர் குடித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. சாயந்திரம் மணியடித்துக்கொண்டு நான் முன்னே நடக்க, சாமியார் நற்கருணையை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் வந்தார். ரோட்டில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்றார்கள்.

சாமியார் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அக்காவின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டார். அக்கா என்ன சொன்னாரோ தெரியாது. கதவைத் திறந்தபோது சாமியாரின் கண் கலங்கியிருந்தது. சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தைத் தைலமும் பூசியாயிற்று. பிறகு சிமிழைத் திறந்து அப்பத்தை எடுத்தார்.

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னிக்கு வேணாங்க சாமி. கஞ்சி குடிச்சிட்டேன்.”

“பரவாயில்லம்மா. சீக்காளிக்கு அந்தச் சட்டம் இல்ல.”

“சட்டத்துக்காகவா நான் இருந்தேன்?” என்றார் மெதுவாக. “எத்தனை ஞாயித்துக்கிழமை வெறும் வயித்தோட இருந்தேன், ஒருத்தரும் கூப்பிடல. தின்னுட்டுக் கெடக்கற அன்னிக்கு வந்து நிக்கறீங்க. நாளைக்குக் காலையில வாங்க சாமி. பசியோட வாங்கிக்கறேன். ஒரே ஒரு ராத்திரி.”

சாமியார் என்னைப் பார்த்தார். ஒரு வாரம் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். “சரிம்மா, காலையில அஞ்சரைக்கு வரேன்” என்றார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்து, “வந்துச்சு பாத்தீங்களா தம்பி” என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை என்று என் மனைவி சொன்னாள். உதடு காய்ந்திருக்கிறதே என்று பஞ்சை நனைத்துக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். நடுராத்திரி வரைக்கும் குடிக்கலாமே என்று இவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டே தலையை ஆட்டியிருக்கிறார். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றுவிட்டது.

அது தெரியாமல் நான் மணியடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் என் மனைவி நின்ற விதத்தைப் பார்த்ததும் கையில் மணி நின்றது. சாமியார் உள்ளே போய் முழந்தாளிட்டு ஜெபித்துவிட்டு, வெளியே வந்தார். சிமிழ் அவர் நெஞ்சில்தான் இருந்தது. இருவரும் வந்த வழியே திரும்பி நடந்தோம். இந்த முறை நான் மணி அடிக்கவில்லை. கோயிலுக்குள் போய் அவர் அந்த அப்பத்தைப் பீடத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை எடுத்த பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அன்று முழுக்க நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அதனால் அக்காவுக்கு என்ன ஆகப்போகிறது.